கம்ப்யூட்டருக்குப் பிள்ளை வேலை சொல்லட்டும்!

தமிழ்நாட்டின் வட எல்லை ஓரம் இருக்கிறது, எளாவூர். அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கரை ஓரம் மீனவர் குப்பங்கள்.

பட்டணத்தைப் போலவே குப்பத்திலும் செல்போன் வந்துவிட்டது. பிள்ளை அழுதால் செல்போன். சாப்பிட மறுத்தாலும் செல்போன்!

"என் மகனுக்கு எல்லாம் தெரியும்" என்று தாய் பூரித்துப் போகிறாள்.

விரலால் தள்ளித் தள்ளிப் படம் பார்ப்பது படிப்பு ஆகுமா? ஆகாது. போன் காட்டுகிறது, பிள்ளை பார்க்கிறது. அங்கே போன்தான் எஜமான்!

இது மாற வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பிள்ளை வேலை சொல்ல வேண்டும். அதுதான் கம்ப்யூட்டர் படிப்பு.

ஆமை காட்டிய வழி

இதற்கு வழி காட்டியது, ஓர் ஆமை!

1967-ம் ஆண்டில், குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழி அமெரிக்காவில் உருவாயிற்று. உருவாக்கியவர்களில் ஒருவர், சேமூர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர். பின்னர் அதில் ஓர் ஆமை பொம்மையும் சேர்ந்தது.

"10 எட்டு முன்னே போ, வலப்பக்கம் திரும்பு" என்று குழந்தை கட்டளை இடும். ஆமை நடக்கும்; கோடு போடும். இதையே 4 தடவை சொன்னால் சதுரம் வந்துவிடும்!

தப்பாகச் சொன்னால் ஆமை தப்பாகப் போகும். எங்கே தப்பு என்று குழந்தையே தேடித் திருத்தும்.

இங்கிலாந்தில் 2014-ம் ஆண்டு முதல், 5 வயதிலேயே கம்ப்யூட்டர் பாடம் தொடங்குகிறது.

தாத்தாவின் வித்தை

"மீன் பிடிக்கிற வீட்டுக்கு இது எதற்கு?" என்று கேட்கலாம்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது? எல்லாம் முறை வைத்துத்தான். சண்டை வராமல் இருக்கப் பெரியவர்கள் வகுத்த ஒழுங்கு அது.

கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கட்டளையும் இப்படிப்பட்ட ஒழுங்குதான். தாத்தாவுக்குத் தெரிந்த வித்தை, பேரனுக்கு வராதா?

பயனும் உண்டு. புதுச்சேரி அருகே உள்ள மீனவர் ஊர், வீராம்பட்டினம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் தொடங்கிய திட்டத்தில், அங்கு கம்ப்யூட்டர் வந்தது. கடல் அலையின் உயரத்தை அதில் பார்த்து, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதைக் கேட்டு மீனவர்கள் கடலுக்குப் போனார்கள்.

மணல் போதும்

சிறு பிள்ளைக்கு முதலில் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். மணலில் கட்டம் போடலாம். ஒரு பிள்ளை ஆமை ஆகட்டும். இன்னொரு பிள்ளை கட்டளை இடட்டும். எல்லாம் தமிழில்!

பிறகு, கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர். தெரியாதவர் கேட்டால் ரகசிய எண்ணைச் சொல்லக்கூடாது என்பதும் அப்போதே மனதில் பதிய வேண்டும்.

பணம் உள்ள வீட்டுப் பிள்ளை, காசு கொடுத்து இதைக் கற்றுக்கொள்ளும். குப்பத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் வழி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி கொடுப்பது, அரசின் கடமை.

படகு ஓட்டுகிறவன் துடுப்பை விடமாட்டான். கம்ப்யூட்டரிலும், துடுப்பு பிள்ளையின் கையில் இருக்கட்டும்!