யாருடைய பொறம்போக்கு?

‘டேய் பொறம்போக்கு!’ அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இந்த வார்த்தை காதில் விழாத நாளில்லை. சூப்பர்வைசர் கான்ட்ராக்ட் தொழிலாளியைத் திட்டுறதும் இதால்தான். ஏரிக்கரைக் குடிசைக்கு வருகிற நோட்டீசிலும் இதே சொல்தான். ஒன்று வசவு, இன்னொன்று வருவாய்த்துறைக் கணக்கு. ரெண்டும் வந்து விழுறது நம்ம தலைமேல.

இந்தச் சொல்லையே தலைப்பாக்கி 2017 ஜனவரியில் ஒரு பாட்டு வந்தது: ‘சென்னை பொறம்போக்கு பாடல்’. கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா பாட, ரதீந்திரன் பிரசாத் படமாக்கினார். எண்ணூர் கழிமுகம், அனல்மின் நிலையச் சாம்பல், நடுவில் கர்நாடக சங்கீதம்.

மேல்நாட்டில் ஆலைச் சத்தத்தையே இசையாக்கி, அதற்கு ‘இண்டஸ்ட்ரியல்’ என்று பேரும் வைத்தார்கள். லண்டனின் ‘டெஸ்ட் டிப்பார்ட்மென்ட்’ குழு பழைய இரும்பைத் தட்டி வாசித்தது. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, போராடிய சவுத் வேல்ஸ் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து இசைத்தட்டு போட்டது. எண்ணூர்ப் பாட்டில் இரும்புச் சத்தம் இல்லை. ஆலை கக்கிய சாம்பல் இருக்கிறது. அதனால் இதுவும் ஆலைப் பாட்டுதான்.

பொறம்போக்கு என்றால் தனியாருக்கில்லாத பொது நிலம். நீர்நிலை, மேய்ச்சல், கழிமுகம். வசவாகிப்போன சொல்லுக்கு அந்தப் பழைய பொருளை மீட்டுத் தந்தது இந்தப் பாட்டு. வரவேற்போம். சபாவை விட்டு ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குக் கச்சேரியைக் கொண்டுபோனவர்களில் ஒருவர் கிருஷ்ணா என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் தோழர்களே, ஊர்ப் பொதுவில் சேரிக்கு என்றைக்குப் பங்கு இருந்தது? மகத்தில் பொதுக்குளம்தான் இருந்தது. அதில் ஒரு கை தண்ணீர் அள்ள 1927இல் அம்பேத்கர் படை திரட்டிப் போக வேண்டியிருந்தது. ‘பொது’ என்று எழுதிவைத்த இடத்திலெல்லாம் நம்மைத் தவிர மற்ற எல்லோருக்கும் என்றே படித்தார்கள். பாட்டு இந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போகிறது.

இது வெறும் இலக்கிய விமர்சனம் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு நீர்நிலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித்தானே ஆற்றோரக் குடிசைகளைப் பிரித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள்? ஏரியில் கழிவை விடுகிற கம்பெனிக்குக் கிடைப்பது வாய்தா. கரையில் ஓலை வேய்ந்தவனுக்குக் கிடைப்பது புல்டோசர். ‘ஆக்கிரமிப்பாளன்’ என்ற பட்டமும் அவனுக்குத்தான். பொறம்போக்கைக் காப்போம் என்ற நல்ல முழக்கம், யார் கையில் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்து நம்ம கூரையையே பிடுங்கும்.

இன்னொன்று. இதே சொல்லைக் கானா பாடுகிற பையன் பாடினால் கெட்ட வார்த்தை. சபாக் குரல் பாடினால் கலகம், கலை. குற்றம் பாடியவர் மேல் இல்லை. கேட்கிற காதில் சாதி இருக்கிறது. அந்தக் காதுக்குப் பதிலாகத்தான் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியது. பறையும் கிட்டாரும் கானாவும் ஒன்றாக நின்றன. அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதையே பேராக வைத்துக்கொண்டு, இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பேர் சொல்லியே பாடினார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மாணவர்கள் இந்த ரெண்டு பாட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேளுங்க. எண்ணூருக்காகச் சேர்ந்தே பாடுவோம். பாடி முடித்ததும் ஒரு கேள்வியும் கேட்போம்: கழிமுகத்துக்குக் காவல் சரி, கரையில் இருக்கிறவனுக்குப் பட்டா எங்கே?