ஓடிப் போனால் தப்பலாமா?

விபத்து நடந்ததும் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவதுதான் ஓட்டுநருக்குப் பாதுகாப்பு என்பது லாரித் தொழிலில் ஊறிப்போன நம்பிக்கை. காவல் நிலையத்துக்குப் போனால் கேஸ், கோர்ட், வேலையிழப்பு எல்லாம் தன் தலையில் விழும். ஓவர்லோடு போன்ற மீறலை வெளியே சொன்னாலும் அடி தனக்குத்தான் என்பது அதன் நீட்சி. பெங்களூரு ஈஜிபுராவில் இது வெறும் பேச்சல்ல. 2017-இல் தொடங்கி, 2022-இல் ஒப்பந்தம் ரத்தாகி, 2023-இல் மறுபடி உயிர்பெற்ற இரண்டரை கிலோமீட்டர் மேம்பால வேலைக்காகக் கான்கிரீட் மிக்சரும் டிரெய்லரும் வந்துபோகும் சாலை அது. தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் அதன் குறுந்தெருக்களில் தண்ணீர் டேங்கர்கள் பின்னோக்கி நுழைகின்றன. அங்கே ஒரு வண்டி இடித்தால் யார், எங்கே, எப்போது சொல்ல வேண்டும் என்பது அன்றாடக் கேள்வி.

முதல் வாதம், கூட்டம் அடித்துவிடும் என்பது. அந்தப் பயத்தைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சட்டமே அதை ஏற்றிருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஓட்டுநர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. கூட்டத்தின் ஆவேசத்தாலோ தன் கையை மீறிய வேறு காரணத்தாலோ அது இயலாமல் போனால் விலக்கும் தருகிறது. ஆனால் அந்த விலக்கு, தகவல் சொல்லும் கடமையைத் தள்ளுபடி செய்யவில்லை. அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய முடியாமல் போன காரணத்தையும் அங்கேயே சொல்ல வேண்டும். ஆக, உயிருக்கு அஞ்சி இடத்தை விட்டு விலகுவது வேறு, தலைமறைவாவது வேறு.

இரண்டாவது, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது பரவிய வாதம்: சொன்னாலும் பத்தாண்டுச் சிறை, சொல்லாவிட்டாலும் பத்தாண்டுச் சிறை. புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு அப்படிச் சொல்லவில்லை. கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தியபின், போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பிப் போனவருக்கே பத்தாண்டு வரை தண்டனை. மருத்துவர்கள் நீங்கலாக மற்றவர்களுக்கு 106(1)-இன்படி உச்ச தண்டனை ஐந்தாண்டு. அதாவது தகவல் சொன்னவரை 106(2) தொடுவதே இல்லை. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. இதைக் கேட்டு, இனிமேல் சொல்லவே வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு எங்கும் போய்விடவில்லை. அதை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறியது என்பது உண்மைதான். கடமை சிறியதல்ல.

ஓடினால் கண்டுபிடிக்க முடியாது என்பது மூன்றாவது. வண்டி கிடைத்தால் ஆள் கிடைப்பார்: ஓட்டியவர் யார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும் என்கிறது 133-ஆம் பிரிவு. ஃபாஸ்டேக் பதிவும் சிக்னல் கேமராவும் இருக்கும் காலத்தில் லாரியை ஒளிக்க இடமில்லை. வண்டியே அடையாளம் தெரியாமல் போனால் அடிபடுவது யார் என்றும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அத்தகைய விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயமடைந்தவருக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 25,000-மும் 12,500-மும்தான். வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வயது, வருமானம், குடும்பம் பார்த்து நிர்ணயிக்கும் தொகை பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்பது உரிமையாளர்கள் சொல்லும் சமாதானம். அதே 134-ஆம் பிரிவு, பாலிசி எண்ணும் அதன் காலமும், விபத்தின் தேதி, நேரம், இடம், காயமடைந்தவர்கள் அல்லது இறந்தவர்களின் விவரம், ஓட்டுநர் பெயரும் உரிம விவரமும் அடங்கிய தகவலைக் காப்பீட்டாளருக்கு எழுத்தில் தரச் சொல்கிறது. 2022-இல் வந்த மோட்டார் வாகன விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். ஓட்டுநரும் உரிமையாளரும் தம் படிவங்களைக் கொடுக்க 30 நாள். இந்தத் தாள்களில் தன் தரப்பைச் சொல்லாத ஓட்டுநருக்காக வேறு யாரும் பேசப்போவதில்லை.

விபத்துப் பதிவு கூடினால் ஊர் பெயர் கெடும் என்ற அதிகாரிகள் தரப்பு வாதமும் உண்டு. 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்துகளைப் பதிவு செய்தது தமிழ்நாடு: 64,105, இறந்தவர்கள் 17,884 பேர். உத்தரப் பிரதேசத்தில் பதிவானவை 41,746, இறந்தவர்களோ 22,595 பேர். நூறு விபத்துக்குத் தமிழ்நாட்டில் 28 சாவு, உத்தரப் பிரதேசத்தில் 54. அங்கே சிறு விபத்துகள் நடக்கவில்லை என்று நம்புவதைவிட, பல ஏட்டில் ஏறவில்லை என்று நினைப்பதே பொருத்தம்.

கடைசி வாதம் மீறல்களைப் பற்றியது: ஓவர்லோடு வெளியே தெரிந்தால் ஓட்டுநர்தான் மாட்டுவார். நடைமுறையில் சோதனைச் சாவடியில் நிற்பவர் அவர்தான், உண்மை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு விதிக்கும் அபராதம், 20,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 2,000-மும், ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஓட்டவைத்தவருக்கும் அனுமதித்தவருக்கும் உரியது. ஓட்டுநர் உரிமையாளர் அல்லாதவர் என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே அது நடந்தது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ள 113-ஆம் பிரிவு இடம் தருகிறது. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000 ரூபாய்; ஓட்டத்துக்கு அங்கேயும் லாபமில்லை. 2025 ஏப்ரலில் பெங்களூரு கோகிலு கிராஸ் அருகே, மெட்ரோவுக்கான கான்கிரீட் உத்திரம் டிரெய்லரிலிருந்து சரிந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறந்தார். அத்தகைய விபத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தவரோடு கேள்வி முடிவதில்லை: சுமையை ஏற்றியவர், கட்டியவர், பாதையையும் நேரத்தையும் குறித்தவர் எல்லோருக்கும் அது நீளும். ஈஜிபுரா மேம்பாலத்தின் துண்டங்களும் வேறிடத்தில் வார்த்து எடுத்து வரப்படுபவையே. ஆஸ்திரேலியாவின் கனரக வாகனச் சட்டம், சரக்கு அனுப்புபவர், ஏற்றுபவர், நேர அட்டவணை போடுபவர் என அத்தனை பேரையும் பொறுப்புச் சங்கிலியில் கட்டுகிறது. மீறலைப் பெயர் வெளிவராமல் தெரிவிக்க அங்கே தனி ஏற்பாடும் உண்டு. இங்கே ஓட்டுநர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லாதது பெருங்குறை. தொழிற்சங்கங்கள் 106(2)-ஐ எதிர்த்ததில் பாதி வேகத்தையாவது அதைக் கேட்டுப் பெறுவதில் காட்டலாம்.