சட்டகத்தில் இல்லாத வகுப்புகள்

சஹானா இலங்கையில் பிறந்த மென்பொருள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் பற்றிய விபரங்களை ஒரே இடத்தில் திரட்டுவதற்காக லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சுற்றித் திரண்ட தொண்டர்கள் அதை எழுதினார்கள். மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடியும் கல்லடிக் கரையோரமும் சிதைந்துபோயிருந்த நாட்கள் அவை. முதல் தலைமுறை பிஎச்பியில் அமைந்தது. அடுத்ததான சஹானா ஈடன் பைதனில், வெப்2பை என்ற திறந்த மூலச் சட்டகத்தின் (framework) மேல் எழுந்தது. 2010 ஹெய்ட்டி பூகம்பத்தின்போது ஆஸ்பத்திரிப் பதிவேட்டைத் தாங்கியது இந்தப் பைதன் தலைமுறைதான்.

வெப்2பை 2007இல் வெளிவந்தது. எழுதியவர் சிகாகோ டீபோல் பல்கலைக்கழகத்தின் மாசிமோ டி பியெரோ. கற்பித்தலுக்கு உதவவேண்டும் என்பதே முதல் நோக்கம். படிவம், உள்நுழைவு, தரவுத்தளம் எல்லாம் அதில் கையோடு கிடைக்கும். அனர்த்த முகாமைத்துவத்துக்கு வேண்டிய வகுப்புகள் (class எனப்படும் நிரல் அலகுகள்) மட்டும் கிடைக்காது. அப்படியொன்றை அந்தச் சட்டகத்திடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இடத்தைப் பதியும் படிவத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்டவணையிலுள்ள பதிவை இன்னோர் அட்டவணை சுட்டினால், வெப்2பை தானாகவே ஒரு தெரிவுப் பட்டியலை வரைந்து தரும். அதில் நாட்டின் எல்லா ஊர்களும் ஒரே வரிசையில் நிற்கும். மண்முனைப்பற்றிலும் ஒரு புதுக்குடியிருப்பு உண்டு, முல்லைத்தீவிலும் ஒன்று உண்டு. இரண்டில் எதை அழுத்துவது? முகாமில் மேசை போட்டுப் பதிவெடுத்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. தவறான ஊரை அழுத்தினால் நிவாரணமும் அந்த ஊருக்கே போகும். மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவகர் பிரிவு என்று படிப்படியாக இறங்கும் தெரிவுதான் இதற்குத் தேவை. மட்டக்களப்பு மாவட்டத்தை அழுத்தியதும் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் மட்டும் தெரியவேண்டும். வெல்லாவெளி போன்ற படுவான்கரை ஊர்க்காரர் தம் பிரிவை நொடியில் பிடித்துவிடுவார். இதற்கென ஈடன்காரர்கள் எஸ்3லொகேஷன்செலக்டர் என்ற வகுப்பைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள்.

அனுமதி விடயத்தில் வழி வேறு. வெப்2பையின் ஆத் என்ற வகுப்பு, இந்தக் குழு இந்த அட்டவணையைத் தொடலாமா, இந்தப் பதிவைத் திருத்தலாமா என்று பார்க்கும். நிவாரணப் பணியில் அது போதாது. ஒரே முகாம் பட்டியலில் பல நிறுவனங்கள் எழுதும். ஒவ்வொன்றும் தன் பதிவுகளை மட்டும் திருத்தவேண்டும், மற்றவற்றைப் பார்க்க மட்டும் முடியவேண்டும். ஆகவே ஆத் வகுப்பை மரபுரிமையாகப் பெற்று ஆத்எஸ்3 எழுதப்பட்டது. தாய் வகுப்பு செய்வதை அது அப்படியே செய்யவிடும்; குறையும் இடத்தில் மட்டும் தன் செயலைப் போடும். விடுபட்டதை நிரப்ப இதைவிடச் சுத்தமான வழி குறைவு. வெப்2பையின் உள்ளகமான குளுவோன் கோப்புறையைத் திறந்து அங்கேயே திருத்துவது வேகமாக முடியும். ஆனால் அடுத்த பதிப்பை இறக்கியதும் திருத்தம் அழிந்துபோகும்.

சில வேளைகளில் வகுப்பு இல்லாமற்போவதில்லை, இடம் மாறியிருக்கும். வெப்2பையின் தரவுத்தளப் பகுதி பின்னாளில் பைடால் என்று தனி நூலகமாகப் பிரிந்தது. ஈடனின் நிரலில் இதற்கு எளிய ஏற்பாடு உண்டு: முதலில் புது முகவரியிலிருந்து ரோ என்ற வகுப்பை இறக்குமதி செய்ய முயலும்; பிழை வந்தால் பழைய முகவரிக்குப் போகும். பக்கத்திலேயே பழைய வெப்2பைக்காக என்று ஒரு குறிப்பு. “வகுப்பு கிடைக்கவில்லை” என்ற பிழையைப் பார்த்ததும் புதிதாக எழுதத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடவேண்டியது இந்த இடமாற்றத்தைத்தான்.

எல்லாவற்றையும் வெளியிலிருந்தே சரிக்கட்ட முடிந்ததும் இல்லை. ஈடனை நிறுவும் கட்டளைக் கோவைகள் வெப்2பையின் குறிப்பிட்ட ஒரு நிலையைத்தான் இறக்கும்; சில வரிகளை அங்கேயே மாற்றியும் விடும். சட்டகம் வளர வளர மேலே கட்டியது பழைய நிலையோடு பிணைந்துகொண்டது. டி பியெரோ தம் கவனத்தைப் பை4வெப் என்ற அடுத்த சட்டகத்துக்குத் திருப்பிய பிறகு இந்தப் பிணைப்பின் விலை இன்னும் கூடியது. பொதுப்பயனுள்ள திருத்தங்களை மூலத் திட்டத்துக்கே அனுப்பிவிடுவது இதனால்தான் இலாபம்: அவற்றைப் பராமரிக்கும் சுமை பலர் தோளில் பகிரப்படும்.

ஈடனின் நிரல் எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற மாணவர்கள் மரபுரிமையைப் பாடப்புத்தகத்து உதாரணங்களோடு நிறுத்தாமல், ஆத்எஸ்3 இருக்கும் எஸ்3ஏஏஏ கோப்பை ஒருதரம் திறந்து வாசிக்கலாம்.