பல்செட்டா, ஸ்க்ரூவா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் பொட்டி தட்டுறவன், பல் டாக்டர் இல்ல. போன மூணு மாசமா எங்க வீட்டுல ஓடுற பஞ்சாயத்து இதுதான், அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சொந்தக் கதையும் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்கா.

எங்க ஊர் மரக்காணம். ஈசிஆர்ல பாண்டிக்குப் போறப்ப வெள்ளை வெளேர்னு உப்புக் குவியலைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி போட்டோ எடுத்திருப்பீங்களே, அதே ஊர். அந்தக் குவியலுக்குச் சும்மாடு வச்சுக் கூடை சுமந்தவங்கள்ல எங்கம்மாவும் ஒருத்தர். இருபது வருசத்துக்கு மேல. என் இன்ஜினியரிங் ஃபீஸ்ல பாதி அந்தக் கூடையிலேர்ந்து வந்தது. (சங்க இலக்கியத்துல வர்ற எயிற்பட்டினம் எங்க ஊர்தான்னு பல பேர் சொல்றாங்க. எயிறுன்னா பல்லாச்சே, பல்லுக்குப் பேர்போன ஊர் போலன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். அது எயில், அதாவது மதில்னு தமிழய்யா தலையில குட்டினப்புறம்தான் தெளிஞ்சுது.)

அம்மாவுக்கு இப்ப 54 வயசு. வாயில ஒரு பல்லு கிடையாது. சொத்தைப்பல்லுன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலானது ஈறு நோய்ல போனது. ஒரு பக்கம் சர்க்கரை, இன்னொரு பக்கம் வெத்திலையோட போயிலை. பாத்தியில நிக்கறப்ப போயிலை அடக்கிக்கிட்டா பசி தெரியாதாம். ஆடுற பல்லைத் தானே கையால புடுங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போன கதையெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னாடிதான் தெரியும். சர்க்கரை ஈறைக் கெடுக்கும், ஈறு கெட்டா சர்க்கரை கட்டுக்குள்ள நிக்காதுங்கிற விஷயமும் அப்புறம்தான் தெரியும்.

ரெண்டு வருசம் முன்னாடி மிச்சமிருந்த ஆறையும் எடுத்துட்டு ஒரு கிளினிக்ல பல்செட் போட்டாங்க. ஒன்பதாயிரம். மேல் செட்டு ஓரளவு நின்னுச்சு. கீழ் செட்டு ஆறே மாசத்துல வாய்க்குள்ள டான்ஸ் ஆட ஆரம்பிச்சுது. இப்ப அது ஹார்லிக்ஸ் பாட்டில் தண்ணியில கிடக்கு. கல்யாணம் காட்சின்னா மட்டும் வெளிய வரும். "பேச்சு வந்தா சோறு வரல, சோறு வந்தா பேச்சு வரல"ன்னு அம்மா அதையும் ஜோக்காதான் சொல்லும். ஆனா சிரிக்கிறப்ப முந்தானை வாய்க்குப் போயிடும். நண்டுன்னா உசுரா இருந்த பொம்பளை, ரசஞ்சாதத்தை மிக்சியில அடிச்சுக் குடிக்குது.

ஐடி வேலைக்குப் போன புள்ளைக்குக் கோபம் வராதா? சென்னையில ஓஎம்ஆர் பக்கம் ஒரு பெரிய கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். பேர் வேணாம். ஏசி, காபி மெஷின், சுவர் முழுக்கச் சிரிக்கிற வெள்ளைக்காரங்க படம். மேலயும் கீழயும் ஸ்க்ரூ அடிச்சு நிரந்தரப் பல்லு, நாலரை லட்சம். இஎம்ஐ உண்டு. இன்னைக்கே முன்பணம் கட்டினா தள்ளுபடி. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கான்னு கேட்டாங்களா? இல்ல. நானா சொன்னப்புறம், "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்"னாங்க. போயிலை பத்தி பேச்சே இல்ல. கார்டைக் கையில எடுத்துட்டேன். அம்மாதான், "ஏண்டா, நாலரை லட்சத்தை வாயில வச்சிக்கினு நான் எப்படிடா தூங்குறது?"ன்னு கேட்டுச்சு.

கூடப் பொறந்தவ மாதிரி பழகுற ஒரு தோழி சொல்லி, அப்புறம் பாண்டியில செயற்கைப்பல்லுக்குன்னே எம்டிஎஸ் படிச்ச ஒரு டாக்டர்கிட்ட போனோம். அந்த அம்மா எதையும் விக்கல. பேப்பர்ல தாடையைப் படம் போட்டாங்க.

பல்லு இருக்கிற வரைக்கும்தான் தாடை எலும்புக்கு வேலை. பல்லு போச்சுன்னா அந்த எலும்பு கரைய ஆரம்பிக்கும், முதல் வருசம்தான் ரொம்ப வேகம். கீழ்த்தாடை மேல்தாடையை விட நாலு மடங்கு கரையும்னு 25 வருசம் ஆளுங்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சி ஒண்ணு 1972லயே வந்திருக்கு. மேல் செட்டு அண்ணம் முழுக்க ஒட்டி உறிஞ்சிக்கிட்டு நிக்கும். கீழ அந்த வசதி இல்ல. குதிரை லாடம் மாதிரி ஒரு குறுகின மேடு, நடுவுல சும்மா இருக்காத நாக்கு. ஆக, செட்டு ஆடினது அம்மாவோட தப்பு இல்ல. எலும்பு கரையக் கரைய செட்டோட அடிப்பக்கத்தைத் திரும்ப நிரப்பிப் பொருத்தணும். முதல்ல செட்டு போட்டவங்க அதை ஒரு வார்த்தை சொல்லல, நாங்களும் பழகிடும்னு விட்டுட்டோம். நல்லாப் பொருந்தின செட்டுலயே கடிக்கிற பலம் சொந்தப் பல்லுல நாலுல ஒரு பங்கு அளவுதான் வருமாம்.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். பல்செட்டா ஸ்க்ரூவான்னு கேக்கறதே தப்பு. அப்படிக் கேட்டா, காசில்லாதவனுக்கு ஒண்ணு, காசிருக்கிறவனுக்கு ஒண்ணுன்னு முடிஞ்சிடும். நடுவுல ஒரு வழி இருக்கு. கீழ்த்தாடையில ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ, அதுமேல மாட்டுற கழட்டி எடுக்கக்கூடிய செட்டு. சட்டையில டிச் பட்டன் இருக்குமே, அதே கணக்கு. மேல சாதா செட்டே போதும். இது ஏதோ புது ஐடியாவும் இல்ல. கீழ ஒரு பல்லும் இல்லாதவங்களுக்கு முதல்ல தர வேண்டிய சிகிச்சையே இதுதான்னு 2002ல கனடாவோட மெக்கில் பல்கலைக்கழகத்துல கூடின நிபுணர்கள் அறிக்கை விட்டிருக்காங்க. 2009ல இங்கிலாந்துல யார்க் நகர்லயும் அதையேதான் சொன்னாங்க. எங்களுக்கு நாலரை லட்சம் சொன்ன இடத்துல இது ஒரு வாய்ப்பாக் கூட வாயிலேர்ந்து வரல. பாண்டியில எங்களுக்குச் சொன்ன கணக்கு, மேல் செட்டையும் சேர்த்து எழுபதாயிரம் சொச்சம்.

ஸ்க்ரூன்னா எனக்கும் முதல்ல பயம்தான். டைட்டானியம் எலும்போட ஒட்டிக்கும்னு ஸ்வீடன்ல பிரோனெமார்க்னு ஒருத்தர் 1952ல முயல் கால்ல வேற எதையோ ஆராயப் போய்க் கண்டுபிடிச்சிருக்கார். திருப்பி எடுக்கப் பார்த்தா உலோகம் வரவே இல்லையாம். 1965ல முதல் ஆளா அதைப் போட்டுக்கிட்ட யோஸ்தா லார்சன் 2006ல சாகுற வரைக்கும் நாப்பது வருசம் அதுலயே சாப்பிட்டிருக்கார். ஆனா எல்லாருக்கும் அப்படி நிக்கும்னு விளம்பரம் மாதிரி நான் சொல்ல மாட்டேன். சுத்தம் பண்ணலைன்னா ஸ்க்ரூவைச் சுத்தியும் ஈறு நோய் வரும். கழட்ட முடியாத பல்லுக்கு அடியில தினம் நுழைஞ்சு தேய்க்கணும். உப்புல வெடிச்ச விரலுக்கும் மங்கின கண்ணுக்கும் அது நடக்கிற காரியமா? டிச் பட்டன் செட்டைக் கழட்டி, குழாயடியில தேய்ச்சு வச்சுட்டுத் தூங்கலாம். சாஃப்ட்வேர்ல சொல்வோமே, வாங்குற செலவை விட மெயின்டனன்ஸ்தான் ஆளைக் கொல்லும்னு. நான் கார்டு எடுத்தப்ப அதையெல்லாம் யோசிக்கவே இல்ல. என் பாசத்தை நாலரை லட்சத்துக்கு நிரூபிக்கப் பார்த்திருக்கேன், அவ்வளவுதான்.

அந்த எழுபதாயிரமும் பாத்தி வேலை செய்யறவங்களுக்குப் பெரும்பணம்னு தெரியும். எனக்கு ஐடி சம்பளம் இருக்கு, எதிர்வீட்டு அத்தைக்கு யார் இருக்கா? அவங்களுக்கு நல்ல செட்டு, வருசா வருசம் பொருத்திப் பார்க்க ஒரு இடம், இது ரெண்டும் போதும். சென்னையில கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, பாண்டி கோரிமேட்டுல மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கு. பிரச்சினை என்னன்னா, ஒரு செட்டு செய்ய அஞ்சு தடவையாவது போகணும். அஞ்சு நாள் கூலி போச்சு. கேரளாவுல வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிற 60 வயசு தாண்டினவங்களுக்கு 'மந்தஹாசம்'னு இலவசப் பல்செட் திட்டம் வச்சிருக்காங்க. நம்ம அரசு 2022லேர்ந்து உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால உதவியா 5000 ரூபாய் தருது. வேலை இல்லாத அந்த மூணு மாசத்துல உப்பளத்துக்கே வந்து பல்லு பார்த்தா என்ன குறைஞ்சிடும்? பல்லை அழகுக் கணக்குல எழுதறதாலதான் யாருக்கும் இது தோணலைன்னு நெனைக்கிறேன்.

எங்களுக்கும் அந்த மழைக்காலம்தான் குறி. அக்டோபர்ல ஸ்க்ரூ, எலும்பு ஒட்டறதுக்கு மூணு மாசம், பொங்கல் வாக்குல செட்டு. அதுக்குள்ள மூணு மாச சராசரி சர்க்கரை இறங்கணும், போயிலை அடியோட நிக்கணும், இல்லைன்னா கை வைக்க மாட்டேன்னு டாக்டர் கண்டிஷன். போயிலை விட்டு இன்னைக்கோட 19 நாள். வீட்டுல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுது, அது வேற விஷயம் :-)

டாக்டர் எல்லாம் சொல்லி முடிச்சப்ப அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. "அந்தப் பட்டன்ல இருக்கிற ரப்பர் தேஞ்சா இங்கயே மாத்திக்கலாமா, மெட்ராஸ் போவணுமா?" இங்கயேன்னாங்க. "அப்ப சரி"ன்னுட்டு எழுந்து செருப்பு மாட்டப் போயிடுச்சு.

உங்க வீட்டுல யாராச்சும் இந்த டிச் பட்டன் செட்டு போட்டிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ரப்பர் எத்தனை மாசம் வருது, மாத்த எவ்வளவு ஆகுது?