டி.சி. கொடுத்து அனுப்பாதீர்கள்

கூல் லிப் என்பது விரல்நுனி அளவே உள்ள, புகையிலை அடைத்த சின்னப் பை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் போதும். புகை கிடையாது, எச்சில் துப்ப வேண்டியதில்லை, வாயில் புதினா வாசம் வேறு. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒரு பையன் நிகோடினை ரத்தத்தில் ஏற்றிக்கொள்ள முடியும். பீடி, சிகரெட் என்றால் சட்டை நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டிக்கொடுக்காது.

தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2013 முதல் தடை இருக்கிறது. ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டுவந்த அந்தத் தடையை 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்று அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை பெற்றது. 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிப் பிள்ளைகளிடம் கூல் லிப் பரவுவதைக் குறிப்பிட்டு, நாடு முழுக்க இதை ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. இத்தனைக்குப் பிறகும் பள்ளி விட்டுப் போகும் வழியில் அது கிடைக்கிறது. மற்ற மாநிலங்களில் தாராளமாக விற்கும் பொருள் எல்லை தாண்டி வருவதும், சரம் சரமாக ஷாம்பு பாக்கெட் தொங்கும் பெட்டிக்கடையில் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் பெரிய வித்தை இல்லை.

13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோவொரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாக 2019-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. வாயில் அடக்கும் புகையிலையைத் தொட்ட பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல், பத்து வயது நிறையும் முன்பே தொட்டவர்கள். பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு!

கூல் லிப் வைத்த எல்லாரும் கஞ்சாவுக்குப் போய்விடுவதில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும்; மிகைப்படுத்திப் பயமுறுத்தினால் பிள்ளைகள் நம் பேச்சையே நம்பமாட்டார்கள். ஆனால் ஒளித்து வைத்து விற்கும் ஆளிடம் ஒரு பிள்ளைக்குப் பழக்கமாகிவிடுகிறது. அடுத்த சரக்கு எங்கே கிடைக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரியும், அல்லது தெரிந்தவரைத் தெரியும். ஆந்திரா, ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து ரயிலில் வரும் கஞ்சா, ஊருக்குள் நுழைந்ததும் பொட்டலமாகப் பிரிகிறது. கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு சைக்கிள் பஞ்சருக்கு ஒட்டும் சொல்யூஷன் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை, இப்படி முகர்ந்து ஏற்றிக்கொள்வதுதான். பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுள்ளவர்களில் 1.17 விழுக்காடு. முகர்ந்த மாத்திரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகி, முதல் தடவையிலேயே உயிர் போகக்கூடிய போதை இது.

இப்போது மாத்திரை. வலி நிவாரணியாக மருத்துவர் சீட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சென்னையின் வடக்கில் தொடங்கி மற்ற ஊர்களிலும் செய்தியாகிவருகிறது. டிரமடால் என்ற மாத்திரையை மத்திய அரசு 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வியாபாரம் டபென்டடாலுக்கு நகர்ந்தது. வெளிமாநிலத்தில் மொத்தமாக ஆர்டர் போட்டு கூரியரில் வரவழைத்து விற்றவர்கள் பிடிபட்ட செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். விழுங்குவதற்கான மாத்திரையில் சுண்ணாம்புச் சத்தும் மாவும் கலந்திருக்கும். அவை முழுதாகக் கரையாமல் ரத்தக் குழாயை அடைக்கும். ஊசி போட்ட இடம் சீழ்க்கட்டியாகிறது. ஒரே ஊசியைச் சுற்றி வரும் செட்டில் ஹெபடைடிஸ் சி-யும் எச்.ஐ.வி-யும் சேர்ந்தே சுற்றுகின்றன.

ஏன் தொடுகிறார்கள் என்ற கேள்விக்கு, சேர்க்கை சரியில்லை என்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் முதல் பதில். அது பாதி உண்மை. மீதி என்ன? நாலரை மணிக்குப் பள்ளி விடுகிறது. கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ துணிக்கடைக்கோ போன அம்மா ஏழெட்டு மணிக்கு வருகிறார். அப்பா வரும்போது குடித்திருக்கிறார். 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே நடத்தும் மாநிலம் இது. கடைப் பலகையில் 21 வயதுக்குக் கீழ் விற்பனை இல்லை என்று எழுதியிருக்கிறது, வீட்டுக்குள் வரும் வாசத்துக்கு வயது வரம்பு இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் பையன் எங்கே போவான்? விளையாட்டு மைதானம் இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. நூலகம் தொலைவில் இருக்கிறது. தண்டவாள ஓரத்துப் புதர், பாதியில் நின்ற கட்டடம், மேம்பாலத்தின் அடி: அங்கே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது.

இன்னொன்றைப் பேசவே மாட்டேன் என்கிறோம். ஒன்பதாம் வகுப்பு வந்தும் பாடப் புத்தகத்தைச் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் சிலர் இருக்கிறார்கள். தனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாத வகுப்பில், தினமும் ஏழெட்டுப் பாடவேளை, திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையைத் திறமைசாலியாக மதிக்கும் ஒரே கூட்டம் தெருமுனைச் செட்டு. ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சம்பாதித்த முந்நூறு ரூபாய் கையில் இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளை, வீட்டில் அடிபடும் பிள்ளை, யாரோ சீண்டியதை யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளை, இவர்களுக்கெல்லாம் போதை முதலில் வலி மறக்கும் மருந்தாகத்தான் வந்து சேர்கிறது. பெண் பிள்ளைகளும் இதில் உண்டு. அவர்கள் விஷயத்தை வீடு இன்னும் ஆழமாக மூடி மறைப்பதால் உதவி இன்னும் தாமதமாகிறது.

மூளையின் முன்பகுதி, அதாவது இது வேண்டாம், இப்போது வேண்டாம் என்று தடுக்கும் பகுதி, இருபது வயதைத் தாண்டித்தான் முழுமையாக முதிர்கிறது. ஆசையைக் கிளப்பும் பகுதியோ பதினான்கு வயதிலேயே சுறுசுறுப்பாகிவிடுகிறது. இந்த இடைவெளியில் வரும் போதை, முப்பது வயதில் வரும் போதையைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. இளம் வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் அபாயம் கூடுகிறது. காதில் குரல் கேட்கிறது என்றும், யாரோ பின்தொடர்கிறார்கள் என்றும் சொல்லும் பிள்ளையை, காற்று கருப்பு என்று கோயில் கோயிலாக அழைத்துப்போகும் பெற்றோர் எத்தனையோ பேர்.

நான் முறையிட வந்தது அடுத்த கட்டத்தைப் பற்றி. ஒரு மாணவன் பிடிபடுகிறான். பையில் பொட்டலம் இருந்தது, அல்லது கண் சிவந்து தள்ளாடினான். அம்மாவை வரச் சொல்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, தலைமை ஆசிரியர் அறை வாசலில் அவர் நிற்கிறார். பல பள்ளிகளில் முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கிறது: டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்.

மற்ற பிள்ளைகளைப் பற்றிய அந்தக் கவலை நியாயமானது. ஆனால் நடப்பது என்ன? ஆண்டின் நடுவில் வேறு பள்ளி அவனைச் சேர்க்காது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் தெருவில் இருந்தவன் இனி முழு நாளும் தெருவில். விற்பவருக்கு அதுவரை வாடிக்கையாளனாக இருந்தவன், பொட்டலம் கொண்டுபோகும் ஆளாகிறான். பதினெட்டு வயது ஆகாதவன் பிடிபட்டால் தண்டனை குறைவு என்று கணக்குப் போட்டே இவர்களைத் தேடும் கும்பல்கள் இருக்கின்றன. அந்த மற்ற பிள்ளைகளிடமே அவன் சரக்கோடு பள்ளி வாசலுக்குத் திரும்பி வருகிறான்.

2009-ன் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடாது என்கிறது. போதை அதிகம் தலைகாட்டும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அந்தப் பாதுகாப்பு இல்லை. மத்திய அரசு சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. போதைப் பழக்கம் என்ற காரணத்துக்காக எந்த மாணவருக்கும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பக்கூடாது, சிகிச்சைக்குப் போகும் நாட்களை மருத்துவ விடுப்பாகக் கருத வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் ஓர் ஆணை போடலாம். டைபாய்டு வந்த பிள்ளைக்கு நாம் டி.சி. கொடுப்பதில்லை.

சரி, சிகிச்சைக்கு எங்கே அனுப்புவது? 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 25 இடங்களில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தமிழக அரசு திறந்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் நாற்பது வயது மது நோயாளிகளுக்கு நடுவே பதினைந்து வயதுப் பையனைப் படுக்க வைக்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்களிடமிருந்து தனியாக வைத்துத்தான் சிகிச்சை தர வேண்டும் என்று 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. வளரிளம் பருவத்தினருக்கென்று தனி வார்டும், பள்ளி முடிந்து வரக்கூடிய மாலை நேரப் புறநோயாளிப் பிரிவும் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். அது இல்லாத குறையால்தான் வட்டிக்கு வாங்கிய பணத்தோடு பெற்றோர் தனியார் மறுவாழ்வு இல்லங்களின் கதவைத் தட்டுகிறார்கள். அவற்றில் நல்லவை உண்டு. பூட்டிவைத்து அடிப்பவையும் உண்டு. பதிவு செய்யாமல் நடக்கும் இல்லங்களை மூடும் கடமை அரசுக்கு இருக்கிறது.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மருத்துவமனைப் பக்கமே போகாத குடும்பங்கள் பல. அவர்களுக்கு ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர்கூட, அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் தண்டனைக்கு ஆளாகமாட்டார் என்று பாதுகாப்பு தருகிறது. சிகிச்சைக்கு வருபவரை வரவேற்கும் சட்டம் இது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் இதை வாசித்துச் சொன்னால் என்ன?

கடும் சட்டம் பாய வேண்டிய இடம் வேறு. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்றாலும், பதினெட்டு வயதாகாதவருக்கு விற்றாலும், 2003-ன் புகையிலைச் சட்டப்படி அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். ஒரு மாலை விற்பனையில் அதை எடுத்துவிடலாம். ஆனால் 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு, பிள்ளைகளுக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. பிள்ளைகளை வைத்து விற்பவருக்கு 78-வது பிரிவில் அதே அளவு தண்டனை உண்டு. காவல் நிலையங்கள் எந்தப் பிரிவில் வழக்கு எழுதுகின்றன என்பதை ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் மாதந்தோறும் கேட்டு, அந்தக் கணக்கை வெளியிட வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஒரு மெடிக்கலுக்கு வலி நிவாரணி எத்தனை பெட்டி வந்தது, எத்தனை மருத்துவர் சீட்டுக்கு விற்றது என்று பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், கசியும் இடம் தெரிந்துவிடும். கூரியர் வழிக்கும் அதே கண்காணிப்பு வேண்டும்.

2022 ஆகஸ்டில் லட்சக்கணக்கான மாணவர்கள் கைநீட்டிப் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள். கஞ்சா வேட்டை என்ற பெயரில் காவல்துறையும் கட்டம் கட்டமாகத் தேடுதல் நடத்திப் பலரைக் கைது செய்தது. பிள்ளைகள் தங்கள் வாக்கைக் கொடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் கொடுக்க வேண்டியது டி.சி. தடை ஆணையும், தனி வார்டும், நானூறு ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் முழுநேர மனநல ஆலோசகரும், மாலை ஏழு மணிவரை திறந்திருக்கும் பள்ளி மைதானமும். கடைசியில் சொன்னதற்குச் செலவு மிகக் குறைவு: ஒரு உடற்கல்வி ஆசிரியர், இரண்டு விளக்குக் கம்பங்கள்.

ஆணை வரும்வரை பெற்றோர் கையில் இருப்பது தொலைபேசி. சரக்கு விற்கும் இடம் தெரிந்தால் 10581. பிள்ளைக்குச் சிகிச்சை ஆலோசனை வேண்டுமென்றால் 14446. ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098. அப்படிக் கூப்பிடும் தாயிடம் அலைக்கழிக்காமல் பேசி, எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் அதே அழைப்பில் சொல்லி முடிக்கும்படி, அழைப்பை எடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் இது நடக்க வேண்டும்.