மாற்றத்தின் சாட்சிகள்

ஒரு நிறுவனத்தின் பண்பாடு மாறிவிட்டது என்பதை யார் சொல்ல வேண்டும்? மைக்ரோசாஃப்ட் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்வி இது.

அங்கே பல்லாண்டுகளாக ஊழியர்களைத் தரவரிசைப்படுத்தும் முறை இருந்தது. குழுவில் எல்லோருமே நன்றாக உழைத்திருந்தாலும் சிலர் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டே ஆகவேண்டும். விளைவு, போட்டி நிறுவனத்தைவிடப் பக்கத்து இருக்கைக்காரரே எதிரியானார். திறமைசாலிகள் ஒரே குழுவில் சேர்ந்து பணிபுரியத் தயங்கினார்கள். 2012இல் 'வேனிட்டி ஃபேர்' இதழ்க் கட்டுரையில் ஊழியர்கள் பலர் இதைக் கசப்போடு சொல்லியிருந்தார்கள்.

2014 பிப்ரவரியில் சத்யா நாதெல்லா தலைமையேற்றார். வன்முறையற்ற உரையாடல் குறித்து மார்ஷல் ரோசன்பர்க் எழுதிய நூலை உயர் அதிகாரிகளை வாசிக்கச் சொன்னார். அன்றிலிருந்து எல்லாம் மாறிற்று என்பது இன்று நிர்வாகவியலின் புராணம். ஆனால் தரவரிசை முறை கைவிடப்பட்டது 2013 நவம்பரில், ஸ்டீவ் பால்மரின் காலத்திலேயே. நாதெல்லா வந்த ஆண்டின் ஜூலையிலோ, 18,000 பேர் வரை வேலைநீக்கம் செய்யப்படுவார்கள் என்ற அறிவிப்பு வந்தது.

அவர் கொண்டுவந்த மாற்றத்தை நான் மறுக்கவில்லை. அதைப் பற்றி 2017இல் அவரே நூல் எழுதிவிட்டார். வெளியேற்றப்பட்டவர்களின் நூலை யார் எழுதுவது? அதையும் வாசித்த பிறகே, மாறியது பண்பாடா தலைவர் மட்டுமா என்று சொல்ல முடியும் என நினைக்கிறேன்.