இரண்டு வரிசைகள்

1974 இல் என் தந்தையார் பாணுக்காக வரிசையில் நின்றார். 2022 இல் நான் களனியில் பெற்றோலுக்காக நின்றேன். அவர் நின்றது மூடிய பொருளாதாரத்தில். நான் நின்றது திறந்த பொருளாதாரத்தில்.

அரசா, சந்தையா என்ற வாதம் நம்மிடையே இன்னும் ஓயவில்லை. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் எழுந்த டயர் கூட்டுத்தாபனம் அரசை நம்பிய காலத்தின் அடையாளம். அடுத்து வந்த சிறிமாவோ ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தலைநிமிர்ந்தனர். 1977 இல் ஜே. ஆர். ஜயவர்தன கதவைத் திறந்ததும் அதே விவசாயிகள் இறக்குமதிக்கு ஈடுகொடுக்க முடியாது தவித்தனர்.

தென்கொரிய அரசும் தன் தொழில்களைப் பாதுகாத்தது. ஆயினும் ஏற்றுமதி இலக்கை எட்டவேண்டுமென்ற நிபந்தனையுடனேயே சலுகை வழங்கியது. நமது அரசுகளோ மூடியபோதும் எவரிடமும் கணக்குக் கேட்கவில்லை, திறந்தபோதும் கேட்கவில்லை. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. அதன் சுமை சாதாரண மக்களின் தலையில் விழுந்தது.

எந்தக் கொள்கை சிறந்தது என்று அறிஞர்கள் வாதிடட்டும். சலுகை பெறுவோரிடம் அரசும், அரசிடம் நாமும் கணக்குக் கேட்கப் பழகாவிட்டால், நம் பிள்ளைகளுக்கும் ஒரு வரிசை காத்திருக்கும்.